ஸ்டேஷனுக்குப் போக ஏன் இன்னும் ஆள் பிடிக்கிறோம்?

கேள்வி இதுதான்: “ஒவ்வொரு ஆட்சியும் போலீஸ் கமிஷன் போடுகிறது. 2006-ல் உச்ச நீதிமன்றமே ஏழு கட்டளைகள் பிறப்பித்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் ஒரு புகார் கொடுக்கப் போகும்முன் ‘ஸ்டேஷனில் தெரிந்த ஆள் யாராவது இருக்காங்களா’ என்று தேடுகிறோமே, ஏன்? இந்தச் சீர்திருத்தங்களால் போலீஸ் வேலையில் என்னதான் மாறியது?”

நான் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வக்கீல். இருபது வருடத்துக்கு மேலாக ஸ்டேஷன் வாசலையும் மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தாவையும் மாறி மாறித் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீர்திருத்தத்துக்காக நடந்த சண்டை முக்கால்வாசி டி.ஜி.பி.யை யார் நியமிப்பது, எஸ்.பி.யை யார் மாற்றுவது என்ற உயரத்திலேயே நடந்தது. நம்பிக்கை வருவதும் போவதும் ரைட்டர் மேசையில். ஸ்டேஷனின் எழுத்து வேலை முழுக்கப் பார்க்கிற ஏட்டைத்தான் ரைட்டர் என்கிறோம். அந்த மேசைவரை இறங்கி வந்த சீர்திருத்தங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

சில வருடம் முன்னால் என்னிடம் வந்த ஓர் அம்மாவின் கதையைச் சொல்கிறேன். சின்ன இட்லிக் கடை வைத்திருப்பவர். விடிகாலை மாவு வாளியோடு நடந்து வந்தபோது பைக்கில் வந்த இரண்டு பேர் கழுத்தில் கிடந்த மூன்று பவுன் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேஷனுக்குப் போனார். பாராவில் நின்ற காவலர், “ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்காங்க, உட்காருங்க” என்றார். மூன்று மணி நேரம். அப்புறம் ரைட்டர் கூப்பிட்டு, மனுவைப் படித்துப் பார்த்துவிட்டு, “அறுத்துட்டாங்கன்னு எழுதாதீங்கம்மா, வர்ற வழியில காணாமப் போச்சுன்னு எழுதிக் குடுங்க, சீக்கிரம் கண்டுபிடிச்சிடலாம்” என்றார். வெள்ளைத் தாளும் அவரே கொடுத்தார். அந்த அம்மா எழுதிக் கொடுத்தார். கையில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. பத்து நாள் கழித்து என் அலுவலகத்துக்கு வந்தபோது அந்தத் துண்டுச் சீட்டு நாலாக மடிந்து சுருக்குப் பையில் வெற்றிலையோடு இருந்தது.

சி.எஸ்.ஆர். என்றால் மனு வந்ததற்கான பதிவு, அவ்வளவுதான். அதில் வழக்கு கிடையாது. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் வழக்கு. எஃப்.ஐ.ஆர். கோர்ட்டுக்குப் போக வேண்டும், புலனாய்வு நடக்க வேண்டும், முடிவு சொல்ல வேண்டும். சி.எஸ்.ஆர். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரைப் பார்த்தாலே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. பிறகும் ரைட்டர் ஏன் ‘அறுத்தார்கள்’ என்பதை ‘காணாமல் போனது’ ஆக்கினார்?

அந்த ரைட்டரையே பின்னால் ஒரு நாள் கோர்ட் டீக்கடையில் பார்த்தேன். கேட்டேன். மனிதர் மறைக்கவில்லை. “சார், அந்த மாசம் ஏற்கெனவே ஆறு ஸ்நாட்சிங். ஏழாவதையும் எழுதினா கிரைம் மீட்டிங்ல இன்ஸ்பெக்டர் நிக்கணும். அவர் நின்னா அடுத்த வாரம் நான் ஆயுதப்படையில நிப்பேன்.”

இந்த ஒரு வாக்கியத்தில் அரசியல் முழுக்க இருக்கிறது. சட்டமன்றத்தில் காவல் துறை மானியக் கோரிக்கை வரும்போது ‘உங்கள் ஆட்சியில் இத்தனை கொலை, எங்கள் ஆட்சியில் இத்தனை’ என்று இரண்டு தரப்பும் எண்களை வீசிக்கொள்வதை டிவியில் பார்த்திருப்பீர்கள். யார் ஆண்டாலும் எண் குறைய வேண்டும். அந்த ஆசை மாதாந்திரக் கூட்டத்தில் எஸ்.பி.யின் குரலாக வருகிறது, இன்ஸ்பெக்டரின் எரிச்சலாக மாறுகிறது, கடைசியில் ஓர் இட்லிக் கடை அம்மாவின் மனுவில் வினைச்சொல்லை மாற்றுகிறது. வழக்கு எண்ணிக்கையை வைத்து ஆட்சியை எடை போடுகிற வரையில் வழக்குப் போடாத ஸ்டேஷன்தான் நல்ல ஸ்டேஷன். குற்றம் குறைவதும் பதிவு குறைவதும் காகிதத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்.

சரி, இது இன்று நேற்று வந்த நோயா என்றால் இல்லை. 1855-ல் மதராஸ் மாகாணத்தில் சித்திரவதை விசாரணைக் கமிஷன் என்று ஒன்று உட்கார்ந்து அறிக்கை கொடுத்தது. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் குடியானவர்களை என்னவெல்லாம் செய்தார்கள் என்பதற்கு ஆயிரக்கணக்கில் புகார்கள் வந்து குவிந்தன. விரலை இடுக்கி நசுக்கும் ‘கிட்டி’ அந்த ஆங்கில அறிக்கையில் தமிழ்ப் பெயரோடேயே இடம்பெற்றது. அப்போது வரி வசூலும் போலீஸ் வேலையும் ஒரே ஆட்கள் கையில் இருந்தன. இரண்டையும் பிரிக்க வேண்டும் என்ற முடிவுதான் 1859-ல் மதராஸ் மாவட்டப் போலீஸ் சட்டமாக வந்தது. நாடு முழுக்கப் பேசப்படுகிற 1861 போலீஸ் சட்டத்துக்கு இரண்டு வருடம் மூத்தது. ஆக, தமிழ்நாட்டுப் போலீஸ் பிறந்ததே ஒரு சீர்திருத்தத்தில்தான். ஆனால் அந்தச் சீர்திருத்தம் போலீஸை வருவாய்த் துறையிடமிருந்து பிரித்துச் சர்க்காரின் கையில் இன்னும் இறுக்கமாகக் கொடுத்தது. புகார் கொடுப்பவனுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அப்போதும் எழுதப்படவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு பெரிய முயற்சி என்றால் நெருக்கடி நிலை முடிந்ததும் ஜனதா அரசு 1977 நவம்பரில் அமைத்த தேசியப் போலீஸ் கமிஷன். தலைவர் தரம் வீரா. 1979-லிருந்து 1981-க்குள் எட்டு அறிக்கைகள் கொடுத்தது. அதில் ஒரு கணக்கு இன்றைக்கும் கோர்ட்டில் எடுத்துப் படிக்கப்படுகிறது: நடக்கும் கைதுகளில் ஏறக்குறைய 60 சதவீதம் தேவையற்றவை அல்லது நியாயமற்றவை. அறிக்கைகள் முழுதாக வருவதற்குள் 1980-ல் ஆட்சி மாறிவிட்டது. மாறிய ஆட்சிக்கு அந்த அறிக்கைகள் மீது என்ன அக்கறை இருக்கும்? பரணுக்குப் போயின.

தமிழ்நாட்டிலும் கமிஷன்களுக்குக் குறைச்சல் இல்லை. 1969-ல் ஆர்.ஏ. கோபாலசாமி தலைமையில் முதலாவது. 2019-ல் ஷீலா பிரியா தலைமையில் நான்காவது, 2022-ல் ஓய்வு பெற்ற நீதிபதி சி.டி. செல்வம் தலைமையில் ஐந்தாவது. இவற்றால் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அநியாயம். காவலர் சம்பளம், குடியிருப்பு, பதவி உயர்வு போன்றவற்றில் இந்தக் கமிஷன்களின் கை உண்டு. ஆனால் அவை போலீஸ்காரருக்கும் அரசுக்கும் நடுவில் நடந்த பேச்சு. மனுவோடு வந்தவர் அந்தப் பேச்சில் மூன்றாம் ஆள்.

இப்போது 2006-க்கு வருவோம். உத்தரப் பிரதேசத்தின் முன்னாள் டி.ஜி.பி. பிரகாஷ் சிங் 1996-ல் போட்ட பொதுநல வழக்கு அது. தரம் வீரா கமிஷன் சொன்னதையாவது செய்யச் சொல்லுங்கள் என்று கேட்டார். பத்து வருடம் கழித்து, 2006 செப்டம்பர் 22-ல் தலைமை நீதிபதி ஒய்.கே. சபர்வால் தலைமையிலான அமர்வு ஏழு கட்டளைகள் கொடுத்தது. அரசு தேவையில்லாமல் தலையிடுவதைத் தடுக்க மாநிலப் பாதுகாப்பு ஆணையம். டி.ஜி.பி.யை யு.பி.எஸ்.சி. பட்டியலிடும் மூத்த மூவரிலிருந்து தேர்ந்தெடுத்து இரண்டு வருடம் அசைக்காமல் வைப்பது. ஐ.ஜி. முதல் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி வரை அதே இரண்டு வருடம். புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிப்பது. இடமாற்றத்தைத் துறைக்குள்ளேயே ஒரு வாரியம் முடிவு செய்வது. போலீஸ் மீது வரும் புகாரை விசாரிக்க ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என ஆணையம். ஏழாவது, மத்தியப் படைகளுக்கான தேசிய ஆணையம்.

காகிதத்தில் அருமையான திட்டம். இது எப்படி வளைந்தது என்பதைப் பார்க்க டி.ஜி.பி. நியமனம் ஒன்றே போதும். இரண்டு வருடம் கட்டாயம் என்றதும் சில மாநிலங்கள் கண்டுபிடித்த வித்தை என்ன தெரியுமா? தங்களுக்குப் பிடித்தவரை ஓய்வு பெறும் நாளில் டி.ஜி.பி. ஆக்குவது. கோர்ட் உத்தரவுப்படியே இரண்டு வருடம் கூடுதலாக இருந்துவிடுவார். அரசியல் பிடியிலிருந்து விடுவிக்க வந்த விதி, விசுவாசத்துக்குப் பரிசாகிவிட்டது. இதைப் பார்த்து உச்ச நீதிமன்றம் 2018 ஜூலையில் ‘பொறுப்பு டி.ஜி.பி.’ என்று யாரையும் போடக்கூடாது, மூன்று மாதம் முன்னதாகவே பெயர்களை யு.பி.எஸ்.சி.க்கு அனுப்ப வேண்டும் என்றது. 2019 மார்ச்சில், ஓய்வுக்கு ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்றும் சேர்த்தது. இத்தனைக்கும் பிறகு தமிழ்நாட்டில் 2025 ஆகஸ்ட் முடிவில் சங்கர் ஜிவால் ஓய்வு பெற்றபோது வந்தவர் பொறுப்பு டி.ஜி.பி.தான்.

ஒரே ஒரு தடவை அந்தத் தீர்ப்பு நிஜமாகவே கடித்தது, அது பக்கத்திலே கேரளத்தில். 2016-ல் ஆட்சிக்கு வந்த இடது முன்னணி அரசு, வந்த வேகத்தில் டி.ஜி.பி. டி.பி. சென்குமாரைத் தூக்கியது. புற்றிங்கல் கோவில் வெடி விபத்தையும் ஒரு கொலை வழக்கையும் காரணமாகச் சொன்னார்கள். மக்களுக்கு அதிருப்தி என்று பொதுவாகச் சொன்னால் போதாது என்று சொல்லி 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப உட்கார வைத்தது. விளக்கம் கேட்டுப் போன அரசுக்கு 25,000 ரூபாய் அபராதமும் விழுந்தது. அவர் மறுபடி நாற்காலியில் இருந்தது இரண்டு மாதத்துக்கும் குறைவு. ஜூன் கடைசியில் ஓய்வு. நாடே பார்த்த வெற்றி. ஆனால் அந்த இரண்டு மாதத்தில் ஏதோ ஒரு கிராமத்து ஸ்டேஷனில் ஒரு மனு வேறு மாதிரி வாங்கப்பட்டிருக்குமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஸ்டேஷன் அளவில் பார்த்தால், இன்ஸ்பெக்டரின் இரண்டு வருடம்தான் இதில் முக்கியமான விஷயம். அவர் அந்த ஊரில் நிலைப்பாரா என்பதைப் பொறுத்துத்தான் யாரை எதிர்த்து வழக்குப் போடுவார் என்பது. நல்ல ஸ்டேஷன் வேண்டுமென்றால் ஆளுங்கட்சிப் பிரமுகரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்பது ஊரறிந்த ரகசியம். கடிதத்தோடு வந்தவர் கடிதம் கொடுத்தவரின் மச்சான் மீது எப்படி எஃப்.ஐ.ஆர். போடுவார்? அதிகாரியை இரண்டு வருடத்துக்கு முன் மாற்ற ‘நிர்வாகக் காரணம்’ என்ற இரண்டே சொல் போதும். உத்தரவுகளில் அதற்கு மேல் விளக்கம் இருக்காது. இதில் இன்னொரு வேடிக்கை, தேர்தல் ஆணையம். ஒரே மாவட்டத்தில் மூன்று வருடம் முடித்தவர்களையும் சொந்த மாவட்டத்தில் இருப்பவர்களையும் தேர்தலுக்கு முன் மாற்றச் சொல்லும். நோக்கம் நல்லது. ஆனால் தேர்தல் முடிந்ததும் புதிய ஆட்சி தன் கணக்குக்கு இன்னொரு சுற்று மாற்றும். ஊர் நிலவரம் பிடிபடுவதற்குள் பெட்டியைக் கட்டுகிற இன்ஸ்பெக்டர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வழக்கு நாட்குறிப்பை நாலு பேர் கையெழுத்தில் எழுதியிருப்பார்கள். குறுக்கு விசாரணையில் எனக்குக் கொண்டாட்டம், பாதிக்கப்பட்டவருக்குத் திண்டாட்டம்.

தமிழ்நாடு இந்தத் தீர்ப்புக்குக் கொடுத்த பதில் 2013-ம் வருடத்துக் காவல் (சீர்திருத்தங்கள்) சட்டம். அதில் புகார் ஆணையம் இருக்கிறது, ஆனால் மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர்களாக டி.ஜி.பி.யும் ஒரு கூடுதல் டி.ஜி.பி.யும். மாவட்டத்தில் தலைவர் கலெக்டர். ஓய்வு பெற்ற நீதிபதி என்று கோர்ட் சொன்ன இடத்தில் அதிகாரிகளே உட்கார்ந்துகொண்டார்கள். போலீஸ் மீதான புகாரைப் போலீஸ் தலைவரே உட்கார்ந்து கேட்பது என்றால், மாமியார் மேல் உள்ள புகாரை மாமியாரிடமே சொல்லி முறையிடுவது மாதிரி. என்னிடம் வந்த கட்சிக்காரர்களில் அப்படி ஓர் ஆணையம் இருப்பதைத் தெரிந்து வந்தவர் ஒருவர்கூட இல்லை. கேரளத்தில் ஓய்வு பெற்ற நீதிபதிதான் தலைவர். நம்மாலும் முடிந்திருக்கும்.

இந்தச் சட்டம் புத்தகத்தில் இருக்கும்போதுதான் 2020 ஜூனில் சாத்தான்குளம் நடந்தது. ஊரடங்கில் கடையைக் கூடுதல் நேரம் திறந்து வைத்ததாகச் சொல்லி அழைத்துப் போகப்பட்ட தந்தையும் மகனும் சில நாட்களில் கோவில்பட்டியில் அடுத்தடுத்து இறந்தார்கள். அரசுத் தரப்பின் முதல் விளக்கத்தில் மூச்சுத் திணறல், காய்ச்சல் என்றுதான் இருந்தது. அந்த வார்த்தைகள் மக்கள் நம்பிக்கைக்குச் செய்த சேதத்தை லத்திகூடச் செய்திருக்காது என்பேன். லத்தி பிடித்தவர் சில போலீஸ்காரர்கள், அறிக்கை விட்டது அரசு.

அப்புறம் நடந்தது சட்டக் கல்லூரியில் பாடமாக வைக்க வேண்டியது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டை ஸ்டேஷனிலேயே அவமதித்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, ஸ்டேஷனை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது. 1859-ல் எதிலிருந்து பிரித்தோமோ அதன் கையிலேயே ஒரு போலீஸ் ஸ்டேஷனை ஒப்படைக்க வேண்டி வந்தது, பாருங்கள். கேமரா இருந்தது, ஹார்டு டிஸ்க்கில் இடமும் தாராளமாக இருந்தது. ஆனால் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது என்று மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார். கடைசியில் உண்மையை வெளியே கொண்டுவந்தது கருவி இல்லை. அன்றிரவு பணியில் இருந்த ஒரு பெண் ஏட்டு சாட்சி சொல்ல முன்வந்தார். 2013 சட்டத்தின் எந்த ஆணையமும் இந்தக் கதையில் எங்கேயும் தலைகாட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்தக் கோபத்தில் அரசு உடனே செய்தது ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ அமைப்பைத் தடை செய்தது. 1990-களில் பிரதீப் வி. பிலிப் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்தபோது, மக்களையும் போலீஸையும் நெருங்க வைக்கத் தொடங்கிய திட்டம். பின்னாளில் அதில் பல இடங்களில் ஸ்டேஷனின் எடுபிடி ஆட்கள் புகுந்துவிட்டார்கள் என்பது உண்மைதான். தடை தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் காக்கிச் சட்டை போடாதவர்களை வெளியே அனுப்புவது எளிது, காக்கிச் சட்டை போட்டவர்களைக் கேள்வி கேட்கும் ஏற்பாடு அப்படியே இருந்தது. அதே வருடம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா, பதிவு 18 மாதம், அது முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடம் இருக்க வேண்டும் என்றது. அந்தப் பதிவைக் கேட்டு நான் போட்ட மனுக்களில் பாதிக்கு வந்த பதில் ‘அன்றைய தினம் கேமரா பழுது’.

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோவில் காவலாளியான ஓர் இளைஞர் தனிப்படையின் பிடியில் இறந்தார். இந்த முறை ஒருவர் மறைந்திருந்து எடுத்த வீடியோ இருந்தது. அரசு வேகமாக நகர்ந்தது. கைது, சி.பி.ஐ. விசாரணை, தனிப்படைகளைக் கலைப்பது எல்லாம் நாட்கணக்கில் நடந்தன. 2020-ல் எதிர்க்கட்சியாகக் குரல் கொடுத்தவர்கள் 2025-ல் ஆளுங்கட்சி, அன்றைய ஆளுங்கட்சி இந்த முறை குரல் கொடுத்தது. வசனம் அதே, பேசுபவர் மட்டும் மாறினார். அரசு கற்றுக்கொண்டது பிறகு எப்படி நடந்துகொள்வது என்பதை. தனிப்படை எந்த உத்தரவின் பேரில், யாருக்குக் கீழே, எந்தப் பதிவேட்டில் இயங்கியது என்ற கேள்வி சம்பவத்துக்கு முன்னால் யார் வாயிலும் வரவில்லை.

இந்த இடத்தில் நம்மையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். கையில் மாவுக்கட்டோடு நிற்கும் ஒருவனின் போட்டோ வாட்ஸப்பில் வரும், ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டானாம்’ என்று சிரிப்பு பொம்மையோடு. அனுப்புவது யார்? ஸ்டேஷனுக்குப் போகப் பயப்படுகிற அதே ஆட்கள். என்கவுன்ட்டர் நடந்தால் வெடி வைத்து இனிப்புக் கொடுத்ததும் உண்டு. இதைப் போலீஸ் மீதான நம்பிக்கை என்று சில அதிகாரிகளே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இது கோர்ட் மீதுள்ள அவநம்பிக்கையாகத்தான் தெரிகிறது. வழக்குப் பத்து வருடம் இழுக்கும், சாட்சி பல்டி அடிப்பான், அதற்கு இது மேல் என்று நினைக்கிறார்கள். அரசியல்வாதிக்கு இந்தக் கைதட்டல் மலிவாகக் கிடைக்கிறது. புலனாய்வுப் பிரிவைத் தனியாகப் பிரித்து ஆள் போட்டுப் பயிற்சி கொடுக்கப் பணமும் வருடங்களும் வேண்டும், மாவுக்கட்டுக்கு ஐம்பது ரூபாய் போதும். ஏழு கட்டளைகளில் புலனாய்வைப் பிரிக்கச் சொன்னதைப் பற்றி எந்த மேடையிலும் ஒருவரும் பேசாததற்கு இதுவும் காரணம்.

அப்படியென்றால் ரைட்டர் மேசைவரை வந்த சீர்திருத்தமே இல்லையா? இருக்கிறது. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையம். அதில் கட்டப் பஞ்சாயத்து நடக்கிறது, சேர்த்து அனுப்பவே பார்க்கிறார்கள் என்ற குறைகளை நானும் சொல்வேன். ஆனால் புருஷன் அடித்தான் என்று ஒரு பெண் தனியாக ஏறிப் போகிற படி ஒன்று ஊர் ஊருக்கு உருவானது. யாரை நியமிப்பது என்பதைத் தொடாமல், கதவை மாற்றிய சீர்திருத்தம் அது. இன்னொன்று காவலர்களுக்கு 2021-ல் வந்த வார விடுமுறை. பல ஸ்டேஷன்களில் இன்னும் எழுத்தளவில்தான் என்று காவலர்கள் புலம்புகிறார்கள். காவலரை அதிகாரியின் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையைப் பாருங்கள். 1979-லேயே அரசு ஒழித்தது, 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் மறுபடி ஒழிக்கச் சொன்னது. நடுவில் நாற்பத்து மூன்று வருடம் அதிகாரி வீட்டு நாயைக் குளிப்பாட்டிய காவலர்கள் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? வீட்டில் அவமானப்பட்டு வருகிறவர் மனுவோடு வந்தவரை ‘வாங்க, உட்காருங்க’ என்று கேட்பார் என எதிர்பார்ப்பது பேராசை.

வெளியூர் உதாரணமும் ஒன்று சொல்லலாம், ஏனென்றால் ‘எல்லாரையும் தூக்கிட்டுப் புதுசாப் போடணும்’ என்று கேட்பவர்கள் அடிக்கடி முன்னாள் சோவியத் நாடான ஜார்ஜியாவைச் சொல்கிறார்கள். 2003 ரோஜாப் புரட்சிக்குப் பின் வந்த சாகாஷ்விலி அரசு 2004-ல் லஞ்சத்துக்குப் பேர்போன போக்குவரத்துப் போலீஸை மொத்தமாகக் கலைத்தது. ஏறக்குறைய 15,000 பேர் வீட்டுக்குப் போனார்கள். புது ஆட்கள், நல்ல சம்பளம், வெளியிலிருந்து உள்ளே தெரிகிற கண்ணாடிச் சுவர் ஸ்டேஷன்கள். சாலை லஞ்சம் நிஜமாகவே அடங்கியது, மக்கள் மெச்சினார்கள். ஆனால் போலீஸின் மூக்கணாங்கயிறு ஆளுங்கட்சி கையிலேயே இருந்தது. 2007 நவம்பரில் எதிர்க்கட்சி ஆர்ப்பாட்டத்தைக் கண்ணீர்ப்புகையும் ரப்பர் குண்டும் போட்டுக் கலைத்தார்கள். 2012-ல் சிறைக்குள் நடந்த சித்திரவதை வீடியோ தேர்தலுக்குச் சில நாள் முன் வெளிவந்து, ஆட்சியே போனது. சுவர் கண்ணாடியாக இருந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது.

அதற்கு நேர் எதிரான வழியில் போனது வட அயர்லாந்து. போலீஸ் சீர்திருத்தத்துக்கான 1999 பேட்டன் கமிஷன் அறிக்கைக்குப் பிறகு படையின் பெயரையே மாற்றினார்கள், கத்தோலிக்கர், மற்றவர் என்று பத்து வருடம் பாதிக்குப் பாதி ஆள் எடுத்தார்கள். ஆனால் என்னைக் கவர்ந்தது 2000-ல் வந்த போலீஸ் புகார் விசாரணை அதிகாரி பதவிதான். தனி ஊழியர்கள், தனி விசாரணை. 29 பேர் இறந்த ஓமா குண்டுவெடிப்பு விசாரணையில் போலீஸ் தலைமையின் குறைகளை 2001-லேயே வெளிப்படையாக எழுதினார்கள். பெரிய புயல் கிளம்பியது. அந்தப் புயலுக்குப் பிறகும் பதவி நிலைத்தது. நம் கலெக்டரால் அப்படி எழுத முடியுமா? அடுத்த நாள் காலையில் அதே எஸ்.பி.யோடு அவர் சட்டம் ஒழுங்குக் கூட்டத்தில் உட்கார வேண்டும்.

இன்று புகார் கொடுக்கப் போகிறவருக்குக் கையில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1-லிருந்து நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, ‘எங்க எல்லை இல்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது, எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கியாக வேண்டும். மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். ஸ்டேஷனில் போடாவிட்டால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் 175(3)-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அதே சட்டம் மூன்று முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு, எஃப்.ஐ.ஆர். போடும் முன் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் பூர்வாங்க விசாரணை செய்துகொள்ளலாம் என்றும் சொல்கிறது. லலிதா குமாரி சாத்திய கதவில் ஒரு ஜன்னல். ரைட்டர்கள் அதை ஏற்கெனவே நன்றாகப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

இட்லிக் கடை அம்மாவுக்கு எஸ்.பி. அலுவலகம் வழியாகப் போய்ப் பத்தொன்பதாம் நாள் வழிப்பறி என்றே எஃப்.ஐ.ஆர். போட வைத்தோம். சங்கிலி கிடைக்கவில்லை. நகலை வாங்கிக் கையில் கொடுத்தபோது அவர் என்னிடம் கேட்டது, “முதல் நாளே நீங்க கூட வந்திருந்தா இவ்வளவு அலைச்சல் இல்லைல்ல தம்பி?” இப்போது அந்தத் தெருவில் யாருக்கு ஸ்டேஷன் சமாச்சாரம் என்றாலும் அவர்தான் என் நம்பரைக் கொடுக்கிறார். போன வாரம்கூட ஒரு பையன் போன் செய்தான். பைக் காணவில்லையாம். “சார், ஸ்டேஷன்ல உங்க பேரைச் சொன்னா உடனே எழுதுவாங்கன்னு இட்லிக் கடை அக்கா சொன்னாங்க.”